வேலை முடித்த கார் என்ஜினை மழைக்காலம் தாண்டி வைப்பது: செட்டிநாட்டு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

ஆடியில் என்ஜினை இறக்கிப் பட்டறைக்கு அனுப்புகிறீர்கள். போர் செய்து (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையைக் கடைந்து), கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கிரைண்டிங் முடித்து, வால்வு உட்காரும் சீட் வெட்டி, புரட்டாசிக் கடைசியில் என்ஜின் தயாராகிவிடுகிறது. கார் தயாராகவில்லை. டிங்கரிங் கடையில் இன்னும் தரைத் தகடு வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தை பிறந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று என்ஜினைக் கார் ஷெட்டின் மூலையில் இறக்கி, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்துகிறீர்கள். நடுவில் இருப்பது ஐப்பசியும் கார்த்திகையும்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வருஷம் முழுக்க வெயில்தானே, துரு எங்கே வரப்போகிறது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. ஹானிங் செய்த, அதாவது கல்லால் தேய்த்துக் குறுக்குக் கோடு போட்ட, போர் சுவர் பச்சை வார்ப்பிரும்பு. பெயின்ட் கிடையாது, முலாம் கிடையாது. எண்ணெய் வழிந்துபோன இடத்தில் ஈரக் காற்று பட்டால் சில நாளிலேயே பழுப்பு பூக்கும். அதைத் துடைத்துவிடலாம், ஆனால் அடியில் விழுந்த குழி போகாது. என்ஜின் ஓடும்போது அந்தக் குழியின் விளிம்பு பிஸ்டன் ரிங்கைத் தின்னும், குழிக்குள் தங்கும் ஆயில் புகையாக வெளியே போகும்.

அம்பாசடரின் 1489 சிசி என்ஜின் போன்ற பழைய பிளாக்குகளில் (என்ஜினின் வார்ப்பு உடல்) இதன் விலை அதிகம். பிஸ்டன் சைஸ் 10, 20, 30, 40 என்று ஏறும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. குழி போகப் போரை அடுத்த சைஸுக்குக் கடைய வேண்டும், அதனால் துருக்குழி ஒவ்வொரு முறையும் ஒரு சைஸைத் தின்றுவிடும். 40-க்கு மேல் போனால் போருக்குள் லைனர் என்ற புதுக் குழாயை இறக்க வேண்டியதுதான். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. கையில் இருக்கும் பிளாக்கைக் காப்பாற்றுவதே நம் வேலை.

ஈரம் எப்படி உள்ளே நுழைகிறது

துரு என்பது மின்வேதி வினை. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருந்தால் போதும், அது நடக்கும். காரைக்குடிக்காரர்களுக்கு இது அயலான விஷயம் இல்லை. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே நடக்கும் ஆய்வுகளில் உலோக அரிமானம் முக்கியமான ஒன்று. சுத்தமான இரும்புக்குக் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் அரிமானம் சட்டென்று வேகமெடுக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் வீட்டுக்குள்ளேயே அதற்கு மேல்தான் இருக்கும்.

என்ஜின் மழையில் நனைவதைவிட மூச்சு விடுவதுதான் பெரிய ஆபத்து. தகரக் கூரை ஷெட்டில் பகலில் சூடேறி உள்காற்று விரிந்து வெளியே போகும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது கார்புரேட்டர் வாய், எக்ஸாஸ்ட் வாய், பிரீதர் குழாய் வழியாக ஈரக் காற்று உள்ளே வரும். விடிந்த பிறகு காற்று சீக்கிரம் சூடாகும், ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிளாக் குளிர்ந்தே இருக்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வியர்ப்பதுபோல் அது வியர்க்கும், உள்புறமும் சேர்த்துத்தான். தார்ப்பாயோ பாலித்தீனோ மேலே சும்மா போர்த்தினால் தரையிலிருந்து எழும் ஈரமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். போர்வை மழையைத் தடுக்கும், வியர்வையை வளர்க்கும்.

ஆகவே மொத்த வேலையும் மூன்றே காரியம்: காய வைத்து எண்ணெய்ப் படலம் கொடுப்பது, எல்லா வாயையும் அடைப்பது, அடைத்த பிறகு தொடாமல் விடுவது. மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

வீட்டில் எந்த இடம்

கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள பழைய வீடு இருந்தால் அது வரம். இரண்டாம் கட்டின் உள்ளறையில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு, அதனால் என்ஜின் மூச்சு விடுவதும் குறைவு. கார் ஷெட்டைவிட அந்த அறை எவ்வளவோ மேல். வளவைச் சுற்றிய தாழ்வாரம் வேண்டாம். முற்றத்தில் விழும் மழையின் சாரல் அங்கே வரும்.

அறைக்குள் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். உப்பு, புளி, ஊறுகாய் ஜாடி வைத்த அறை ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும் இடம் ஆகாது. பிளீச்சிங் பவுடர் மூட்டை பக்கத்தில் இருக்கவே கூடாது. வீடு பூட்டியே கிடந்தால் வௌவால் இருக்கிறதா பாருங்கள், அதன் எச்சம் உலோகத்தை அரிக்கும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. கல்யாணத்துக்கோ படப்பிடிப்புக்கோ வீட்டைத் தயார் செய்யும்போது கழிவறையிலும் தரையிலும் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அந்தப் புகை ஒரு மணி நேரம் சூழ்ந்தால் எண்ணெயில்லாத இரும்பு முழுக்கச் சிவந்துவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தரையில் நேராக வைக்கக் கூடாது. சிமென்ட் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் மழைக்காலத்தில் அடியிலிருந்து ஈரம் இழுக்கும், எண்ணெய் சொட்டினால் கல்லில் கறையும் ஏறும். மரக்கட்டையால் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்து, என்ஜின் மவுன்ட் பிராக்கெட்டும் பிளாக்கின் பின்முகமும் அதில் உட்காரும்படி செய்யுங்கள். எடை ஆயில் சேம்பர் மேல் இறங்கவே கூடாது. சேம்பர் வெறும் தகடு. அது நசுங்கினால் உள்ளே பம்ப்பின் வலைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி குறைந்து, என்ஜின் ஓடும்போது ஆயில் ஏறாது. பின்பக்கம் போல்ட் போடும் என்ஜின் ஸ்டாண்டு வேலை செய்ய நல்லது. மாதக்கணக்கில் தொங்கவிட மரச்சட்டமே மேல்.

வாங்க வேண்டியவை

அசெம்பிளி லூப் (என்ஜின் கட்டும்போது தடவும், எளிதில் வழியாத பசை எண்ணெய்) ஒரு சிறு டியூப். துருத்தடுப்பு ஆயில் ஒரு லிட்டர். பிரிசர்வேட்டிவ் ஆயில் என்றோ வி.சி.ஐ. ஆயில் (ஆவியாகப் பரவித் துருவைத் தடுக்கும் வகை) என்றோ கேளுங்கள். நீல நிற சிலிக்கா ஜெல் ஒரு கிலோ, அதை 100 கிராம் துணிப்பைகளாகக் கட்டிக்கொள்ளுங்கள். 200 மைக்ரான், அதாவது 800 கேஜ் பாலித்தீன் ஷீட், வி.சி.ஐ. பை கிடைத்தால் இன்னும் நல்லது. 3 மி.மீ. ரப்பர் ஷீட், மேனிஃபோல்டு வாய்களை (காற்று உள்ளே வரும், புகை வெளியே போகும் வாய்கள்) மூட மெல்லிய அலுமினியத் தகடு, கையுறை, தின்னர்.

வாங்கக் கூடாததும் உண்டு. கறுப்பு ஆயில் வேண்டவே வேண்டாம். ஓடிய ஆயிலில் அமிலமும் நீரும் கலந்திருக்கும், அதைத் தடவுவது துருவுக்கு விதை போடுவது. அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் தடவும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. நாளாக ஆகப் பிசினாக இறுகும். டபிள்யூ.டி.-40 போன்ற ஸ்பிரே ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது. பருவமழை முழுவதையும் அதை நம்பிக் கடத்த முடியாது.

கட்டும்போதே செய்ய வேண்டியது

பாதுகாப்பு பட்டறையிலேயே தொடங்குகிறது. என்ஜின் மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்று ஹெட் மெக்கானிக்கிடம் முதல் நாளே சொல்லுங்கள். அப்போதுதான் பேரிங்கிலும் கேம் லோபிலும் (வால்வைத் திறக்கும் தண்டின் மேடு) அந்த மேட்டில் உட்காரும் டேப்பட் அடியிலும் சாதாரண ஆயிலுக்குப் பதில் அசெம்பிளி லூப் போடுவார். சாதாரண ஆயில் சில வாரத்தில் வழிந்து சேம்பருக்குப் போய்விடும். ஒரு மாதத்துக்குள் ஏற்றுவதானால் அது போதும், அதற்கு மேல் போதாது. லூப் இல்லையென்று பேரிங்கில் கிரீஸ் வைத்து அடைப்பதும் தவறு. கிரீஸ் ஆயிலில் சரியாகக் கரையாது, துவாரத்தையும் ஃபில்டரையும் அடைக்கும்.

நம் வெயிலில் வியர்வை ஒரு தனிப் பகை. வியர்த்த கையால் கிராங்க் ஜர்னலை (பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதி) தொட்டால் இரண்டு நாளில் அங்கே கைரேகை துருவாகத் தெரியும். கையுறை போடச் சொல்லுங்கள். தொட்டுவிட்டால் தின்னரால் துடைத்து உடனே எண்ணெய் தடவ வேண்டும்.

‘சத்தம் கேட்டுப் பார்ப்போம்’ என்று பட்டறையில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் நின்றால் அந்த நீர் போரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். மூன்று மாதம் வைக்கப்போகும் என்ஜினை ஓட்டாமல் வைப்பதுதான் எங்கள் தீர்ப்பு. ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள் என்றால் முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்துப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். பிளாக்கின் பக்கத்தில் உள்ள டிரெயின் டேப்பைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். டேப்பில் வண்டல் அடைத்திருக்கும், கம்பியால் குத்தினால்தான் முழுதும் வரும். பிறகு தெர்மோஸ்டாட் வாய் வழியாகக் காற்றடித்து உலர்த்துங்கள்.

பட்டறையை விட்டு வெளியே எடுக்குமுன் என்ஜின் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பிளாக் மாறியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். அதை என்ஜின் வெளியே இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மதுரைப் பட்டறையிலிருந்து குட்டியானை லாரியில் வருவதானால் வண்டியில் ஏற்றுமுன்பே எல்லா வாயையும் மூடுங்கள். வழியில் படியும் செம்மண் தூசி மணலைவிட மெல்லியது, எதிலும் புகும். கயிற்றை ராக்கர் கவர் மேல் போட்டு இறுக்காதீர்கள்.

அடைக்கும் நாள்

மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும் நாளில் மதியத்துக்கு மேல் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேண்டாம், பிளாக் இன்னும் குளிர்ந்திருக்கும்.

1. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு போரிலும் 10 மில்லி துருத்தடுப்பு ஆயில் விடுங்கள். இரண்டு டீஸ்பூன் அளவு. ஊசி போடும் சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டிச் சுவரைச் சுற்றிப் பீய்ச்சினால் பரவலாகப் படியும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். பிஸ்டனுக்கு மேல் தேங்கிய ஆயில் அமுங்காது, பின்னால் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

2. முன் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழி.

3. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் முடிந்து மேலே நிற்கும் நிலையில் நிறுத்துங்கள். நாலு சிலிண்டர் என்ஜினை எங்கே நிறுத்தினாலும் ஏதாவது ஒரு வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும். இந்த நிலையில் எதுவும் அகலத் திறந்திருக்காது, ஸ்பிரிங் மேல் பாரமும் குறைவு.

டேப்பட் திருகைத் தளர்த்தி எல்லா வால்வையும் மூடிவிடலாமே என்று கேட்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வைப்பதானால் செய்யலாம். ஆனால் அம்பாசடர் 1489-இல் ராக்கர் ஷாஃப்டையே (வால்வுகளை அமுக்கும் ராக்கர்கள் கோத்த தண்டு) தளர்த்தக் கூடாது. அதன் தாங்கிகளைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றைத் தளர்த்தினால் ஹெட் கேஸ்கெட்டின் பிடி போய்விடும். திருகை மட்டும் தளர்த்துங்கள், ‘டேப்பட் வைக்கவில்லை’ என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள்.

4. பிளக் துளையில் பழைய பிளக்கைப் போடுங்கள். சிலிக்கா ஜெல் நிரப்பிய 14 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் ஆன்லைனில் கிடைக்கும், அதுவும் சரி.

5. இன்லெட், எக்ஸாஸ்ட் வாய்களுக்குப் பழைய கேஸ்கெட்டை வைத்து வரைந்து அலுமினியத் தகடு வெட்டி, அடியில் ரப்பர் ஷீட் கொடுத்து, இருக்கும் ஸ்டட்டிலேயே நட் போட்டு இறுக்குங்கள். துணியையோ வேஸ்ட் காட்டனையோ திணிக்கக் கூடாது. அது ஈரம் குடிக்கும், எலி கூடு கட்டும், கடைசியில் உள்ளேயே மறந்துபோகும். வாயைத் திறந்து விட்டால் குளவி விடாது. பத்து நாளில் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் மண்கூடு கட்டிவிடும், அந்த மண் வால்வு சீட்டில் விழும். டேப் ஒட்டி மூடுவதும் இங்கே சரிப்படாது, வெயிலில் பசை உருகி முகத்தில் படியும்.

6. பிரீதர், ஃபியூவல் பம்ப் முகம், டிஸ்ட்ரிபியூட்டர் துளை, தெர்மோஸ்டாட் வாய், வாட்டர் பம்ப் வாய், ஆயில் பிரஷர் துளை, டிப்ஸ்டிக் குழாய், இவை எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். எண்ணிக்கையை எழுதுங்கள்.

7. ஃபிளைவீல் முகத்தில் துருத்தடுப்பு ஆயிலை மெல்லிய படலமாகத் துடைத்துவிடுங்கள். கிளட்ச் பிளேட்டை மாட்டி வைக்காதீர்கள். மழைக்காலம் முடியும்போது பிளேட் ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டு, கார் ஓடத் தொடங்கியபின் கியரே விழாது. பிளேட்டைத் தனியாக டப்பாவில் போட்டு வையுங்கள், எண்ணெய் படவே கூடாது.

சேம்பரில் ஆயில் ஊற்றி வைக்கலாமா? வி.சி.ஐ. ஆயிலானால் ஊற்றலாம், அதன் ஆவி உள்ளே பரவிக் காக்கும். சாதாரண ஆயில் அடியில் தேங்கி நிற்கும், மேலே இருக்கும் கேமுக்கும் போருக்கும் அதனால் பயன் இல்லை. எது செய்தாலும் ‘ஆயில் இருக்கிறது’ அல்லது ‘ஆயில் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு அட்டையை முன்னால் கட்டுங்கள். ஏற்றுகிறவர் வேறு ஆளாக இருக்கலாம்.

டீசல் என்ஜினுக்கு இதே முறைதான். கூடுதலாக இன்ஜெக்டர் துளைகளையும் பம்ப்பின் பைப் வாய்களையும் மூடுங்கள், பம்ப்பை உள்ளே காலியாக விடாதீர்கள்.

பைக்குள் வைப்பது

ஷீட்டை முதலில் மரச்சட்டத்தின் மேல் விரித்து, அதன் மேல் என்ஜினை இறக்கி, நாலு பக்கமும் மேலே தூக்கிக் கட்ட வேண்டும். கூர்மையான முனைகளுக்கு அட்டை வைத்துக் கட்டாவிட்டால் ஷீட் கிழியும். பச்சை மரத்துண்டைப் பைக்குள் வைக்காதீர்கள், அது ஈரமும் அமில வாடையும் விடும். சிலிக்கா ஜெல் பைகள் பத்தையும் என்ஜினைச் சுற்றித் தொங்கவிடுங்கள், இரும்பைத் தொட வேண்டாம். போருக்குள்ளோ போர்ட்டுக்குள்ளோ ஜெல்லைப் போடவே கூடாது. ஒரு மணி உள்ளே விழுந்தாலும் அது மணல்தான். பையிலிருந்து காற்றை முடிந்தவரை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். ஒரு ஜெல் பையை வெளியிலிருந்து பார்த்தால் நிறம் தெரியும் இடத்தில் விடுங்கள்.

மாதம் ஒருமுறை

பார்த்தால் போதும். ஜெல் நீலமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் வெயில் நாள் மதியம் பையைத் திறந்து ஜெல்லை மட்டும் மாற்றுங்கள். எடுத்ததை 120 டிகிரி அவனில் இரண்டு மூன்று மணி வைத்தால் நீலம் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

‘பிடித்துக்கொள்ளாமல் இருக்க வாரம் ஒருமுறை சுற்றிவிடுங்கள்’ என்ற அறிவுரை எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும். பழைய என்ஜின் விஷயத்தில் அது எப்படியோ, புதிதாகக் கட்டிய என்ஜினுக்குத் தீங்கு. ஆயில் பிரஷர் இல்லாமல் சுற்றும் ஒவ்வொரு முறையும் கேம் லோபிலிருந்து லூப் வழிக்கப்படும், ரிங் போர் சுவரைத் துடைத்துவிடும். ஆறு மாதம் தொடாதீர்கள். அதற்கு மேல் போனால் பிளக்கைக் கழற்றி மறுபடி 10 மில்லி விட்டு, ஒரு மணி பொறுத்து, மூன்று சுற்றுச் சுற்றுங்கள். மூன்று ஒற்றைப்படை என்பதால் புல்லிக் குறி அதே இடத்துக்கு வந்தாலும் இப்போது கம்ப்ரஷனில் நிற்பது நாலாவது சிலிண்டர். பாரம் வேறு வால்வு ஸ்பிரிங்குகளுக்கு மாறிவிடும்.

வெளியே எடுத்து ஏற்றும்போது

அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் பையைப் பிரிக்காதீர்கள். பிளாக் வெளிச் சூட்டுக்கு வர அரை நாள் விடுங்கள், இல்லாவிட்டால் அந்த நொடியே வியர்க்கும். பிறகு மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக்கை சரிபாருங்கள். போனில் மாட்டும் சிறு கேமராவைப் பிளக் துளை வழியாக விட்டு நாலு போரையும் பாருங்கள். ஹானிங் கோடுகள் பளிச்சென்று எண்ணெயோடு தெரிந்தால் நல்லது. பழுப்புத் திட்டு தெரிந்தால் சுற்றாமல் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள், அந்த ஒரு நாள் வேலை ஒரு பிஸ்டன் சைஸை மிச்சப்படுத்தும். கையால் சுற்றும்போது எங்காவது பிடித்தால் நீளக் கைப்பிடி போட்டு இழுக்காதீர்கள்.

ஃபிளைவீல் முகத்தைத் தின்னரால் எண்ணெய் போகத் துடைத்துக் கிளட்சை மாட்டுங்கள். தளர்த்திய டேப்பட்டின் இடைவெளியை இப்போது சரியாக வைத்துவிடுங்கள். சேம்பரில் பழையதை வடித்து, புது ஃபில்டரும் துத்தநாகச் சேர்மானம் உள்ள 20டபிள்யூ-50 ஆயிலும் போடுங்கள். புதுக் கேமுக்கும் தட்டை டேப்பட்டுக்கும் இன்றைய மெல்லிய ஆயில்கள் போதாது.

இனி பேரிங்குக்கு ஆயில் ஏற்ற வேண்டும். சில என்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றலாம். அம்பாசடர் 1489-இல் அது நடக்காது, பம்ப்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கேமிலிருந்து தனித்தனி கியர். அதற்குப் பதில் கையால் பம்ப் அடிக்கும் புது மருந்துத் தெளிப்பானில் ஆயில் நிரப்பி, அதன் குழாயை ஆயில் பிரஷர் துளையில் இணைத்து அழுத்தினால் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) முழுக்க ஆயில் பாயும். வயலில் பூச்சிமருந்து அடித்த பழைய தெளிப்பான் கூடாது. ராக்கர் கவரைத் திறந்து வைத்துக்கொண்டால் ராக்கரில் ஆயில் கசிவது தெரியும்.

பிறகு ஸ்பார்க் பிளக் இல்லாமல், இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மோட்டாரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். நடுவில் அரை நிமிஷம் ஓய்வு கொடுங்கள். போரில் மிச்சமிருந்த ஆயில் பிளக் துளை வழியாகத் தெறிக்கும், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். கேஜில் பிரஷர் ஏறும்வரை பிளக்கைப் போடக் கூடாது. முதல் முறை பற்றியதும் ஐடிலில் விடாமல் 1500-லிருந்து 2500 சுற்றுக்குள் ஏற்றி இறக்கி 20 நிமிஷம் ஓடட்டும். முதல் பத்து நிமிஷம் வரும் வெண்புகை துருத்தடுப்பு ஆயில் எரிவது. என்ஜின் முழுக்க ஆறியபின் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் வரிசைப்படி மறுபடி இறுக்கி, டேப்பட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு ராக்கர் கவரை மூடுங்கள்.